லட்சம் பேர் கேட்கும் கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மறக்காமல் மாத்திரை போடுகிறாரா? நீ போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வீடியோ கேம் ஆடுவதை இப்போது இணையத்தில் லட்சம் பேர் பார்க்கிறார்கள். டிவியில்கூடப் பேட்டி வந்துவிட்டது. எல்லாம் நீ ஆரம்பித்து வைத்ததுதான். அன்றைக்கு நேரலையில் ஊரே பார்க்க, "சாப்டியாடி?" என்று நீ கமெண்டில் எழுதினாய். "எங்கம்மாவுக்கு வேற வேலையே இல்ல" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எங்கும் பரவியது. இப்போது உன் கேள்வியைப் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். நீ மட்டும் கேட்பதை விட்டுவிட்டாய்.

நேற்று கேமரா முன்னால் லேசாக மயங்கி விழுந்தேன். பயப்படாதே, அடி ஒன்றும் இல்லை. நடிக்கிறேன் என்று நினைத்து எல்லாரும், "சாப்டியாடி, சாப்டியாடி" என்று எழுதித் தள்ளினார்கள். நானே எழுந்து, சிரித்துவிட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தேன்.

என் பழைய போர்வையை அனுப்பு. ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எத்தனை டம்ளர் தண்ணீர் என்று எழுது.

நேரமாகிவிட்டது, மேனேஜர் கதவைத் தட்டுகிறார். போனை எடும்மா. ஒரே ஒரு தடவை நீ கேள். "இல்லம்மா" என்று சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் மகள்