கனகாம்பரத்துக்கு வரப்பு கட்டினேன்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. சாந்தியைத் திருவாரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் தங்கைக்குக் காலில் மாவுக்கட்டு. இரண்டு வாரம் அங்கேதான். ஜன்னல் வழியாக உத்தரவு: "நீங்க சாப்பிடுறீங்களோ இல்லியோ, கனகாம்பரத்துக்குத் தண்ணி ஊத்துங்க. எங்கம்மா வீட்டுச் செடி அது."

கொல்லையில் இரண்டு செடி. டெல்லி கனகாம்பரம். விதை பிடிக்காது, குச்சி ஒடித்து நட்டால்தான் உண்டு. அவள் அம்மாவும் இல்லை, அந்த வீட்டையும் விற்றாயிற்று. போனால் போனதுதான். சரி, ஒரு வேலி, ஆறேழு ஏக்கர் நெல் வயல் பார்க்கிறவனுக்கு இரண்டு பூச்செடி பெரிய காரியமா?

வாங்க: டீசல், தீப்பெட்டி, வெற்றிலை.

ஆகஸ்ட் 6, புதன்

வாளியில் ஊற்றினால் மண் உடனே குடித்துவிடுகிறது. மண்வெட்டியை எடுத்து இரண்டையும் சுற்றி வரப்பு கட்டினேன். சேறு பூசி மெழுகியாயிற்று. நண்டுகூட ஓட்டை போட முடியாது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கட்டினேன். பளபளவென்று நிற்கிறது. பார்க்கவே மனசு குளிர்ந்தது.

அந்தச் சந்தோஷத்தில் ரசம் தீய்ந்தது.

ஆகஸ்ட் 9, சனி

இலை மஞ்சள். பயிர் வெளுத்தால் என்ன செய்வோம்? யூரியா. ஒரு கை வீசினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு செடி தலை தொங்கிவிட்டது. பக்கத்து வீட்டு வசந்தா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, நாத்தங்காலா இது? கனகாம்பரத்துக்குப் போய் வரப்பு கட்டியிருக்கீங்க! தண்ணி நின்னா வேரு அழுவிடும்ணே."

வரப்பை வெட்டி வடித்தேன். தொங்கிய செடி தொட்டதும் கையோடு வந்தது. வேர் கறுத்து நாற்றம். என் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு அளவே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாந்தி வீடியோ கால். "செடியக் காட்டுங்க."

போனோடு வசந்தா கொல்லைக்குப் போய் அவள் செடியைக் காட்டினேன். கொத்துக் கொத்தாகப் பூ.

"அட, நல்லாத்தான் பாத்துக்கறீங்க!"

வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மானம் போயிற்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாவதும் இலை உதிர்த்துவிட்டது. வெறும் குச்சி. சாந்தி நாளை மறுநாள் வருகிறாள்.

தஞ்சாவூர் நர்சரியில் அதே நிறம் கிடைக்கும். வாங்கி நட்டுவிட்டால்? வண்டிச் சாவியை எடுத்தேன், மறுபடி ஆணியிலேயே மாட்டினேன். நிறம் ஒன்றாக இருந்தாலும் அது அவள் அம்மா செடி ஆகாது. உண்மையைச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்வதுதான் சரி.

நாற்றங்காலுக்கு நாளை ஆள் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

வந்தவள் பையைக்கூட வைக்கவில்லை, நேரே கொல்லைக்கு. வரப்பு, யூரியா, போனில் காட்டியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பயந்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரிசிரி என்று சிரித்தாள்.

"அன்னிக்கு நீங்க காட்டுனதும் எங்கம்மா செடிதாங்க. போன வருஷமே ஒரு குச்சிய ஒடிச்சு வசந்தாகிட்ட குடுத்து வெச்சேன்."

"எதுக்கு?"

"ஊருக்குப் போனா உங்களத்தானே விட்டுட்டுப் போவணும்?"