இரும்பறைக்குள் போன நீதிபதி

பிப்ரவரி 11, 1986, செவ்வாய்
எங்கள் கவுன்டி நீதிமன்றத்துக்கு நூறு வயதாகிறதாம். விழாவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் வேண்டுமாம். அதை நான் எழுத வேண்டுமாம். வாரப் பத்திரிகையில் வருடக்கணக்காகக் கல்யாணமும் சாவும் எழுதுகிறவள், யாரையும் நல்லவராக்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். மாடிப்படிச் சுவரில் ஒன்பது நீதிபதிகள் படமாகத் தொங்குகிறார்கள். டெக்சாஸில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பதவிக்கு வக்கீல் படிப்புக்கூட வேண்டாம். "சட்டம் நன்கு அறிந்தவர்" என்றால் போதும். யார் சோதித்துப் பார்த்தார்கள்?

பிப்ரவரி 19, புதன்
முதல் நீதிபதி கோவேறு கழுதை வியாபாரி. இரண்டாமவர் பல் பிடுங்குகிறவர். வழக்கை நடுவில் நிறுத்திவிட்டு, பக்கத்து அறையில் யாருக்காவது பல் பிடுங்கிவிட்டு வருவாராம். அலறலைக் கேட்டுச் சாட்சிகள் உண்மையைக் கக்கிவிடுவார்களாம். இந்தக் கட்டடத்தில் நீதி கிடைத்தது அந்தக் காலத்தில் மட்டும்தான் போலிருக்கிறது. நான்காமவர் மேசைக்கடியில் வேட்டை நாயைக் கட்டிப்போட்டிருப்பார். அவருடைய தீர்ப்புகளைப் படித்தேன். நாயையே கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 27, வியாழன்
ஆறாமவர் ஆம்ப்ரோஸ் பிரூயிட். இப்போதைய நீதிபதி வெல்டனின் தாத்தா. இவரைப் பற்றித் தேடவே வேண்டாம். ஊரில் யாராவது பயந்து நழுவினால், "அவன் இரும்பறைக்குள்ள போயிட்டான்" என்பது எங்கள் வழக்கம். பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும்.

1922இல், பருத்தி எடுக்க வந்த ஐசம் டார்டன் என்ற கறுப்பின மனிதரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்தது. தடுக்க வேண்டிய ஆம்ப்ரோஸ், நிலப் பத்திரங்கள் வைக்கும் இரும்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வாசல் ஓக் மரத்தில் டார்டனைத் தொங்கவிட்டுவிட்டுக் கும்பல் கலைந்த பிறகுதான் வெளியே வந்தார். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார்! தூ.

மார்ச் 6, வியாழன்
ரேபர்ன் மனு போட்டுவிட்டான். சித்தப்பா மகன், அவனும் ஒரு உறவு! அம்மா போனதிலிருந்து தம்பி டாயிலுக்குச் சட்டப்படி கார்டியன் இல்லை. தம்பிக்கு வயது நாற்பத்து நான்கு, மனசு ஏழு வயதில் நின்றுவிட்டது. ரேபர்ன் கையில் சிக்கினால் அவனை அரசு விடுதியில் தள்ளிவிட்டு, அவன் பங்கு மேய்ச்சல் நிலத்தைச் சுருட்டிக்கொள்வான். "உனக்கும் வயசாயிடுச்சு லுவெல்லா, அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்கிறான். நல்லதாம். பாழாப்போறவன்.

தீர்ப்புச் சொல்லப்போவது யார்? டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த வெல்டன் பிரூயிட். என் தம்பியின் தலையெழுத்து அந்த வம்சத்தின் கையில்.

மார்ச் 18, செவ்வாய்
காபிக் கடையில் வெல்டன் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மிஸ் லுவெல்லா, எங்க தாத்தாவப் பத்தி எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டிருக்கேன் வெல்டன்."

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதரம் காட்டுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான். விசாரணை நெருங்கும்போது இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம்? நான் என்ன நேற்றுப் பிறந்தவளா?

மார்ச் 19, புதன்
எழுதிவிட்டேன். "கலவர நாளில் நீதிபதி பிரூயிட், உயிரைப் பொருட்படுத்தாமல் ஆவணங்களைக் காத்து நின்றார்." டார்டன் பெயரை எடுத்தாயிற்று. கை கூசியது. கூசட்டும்! செத்தவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது? இருக்கிறவன நான் பாக்க வேணாமா? உறையில் போட்டு வெல்டனின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்
விசாரணை. ரேபர்னின் வக்கீல் பேசி ஓய்ந்ததும், வெல்டன் மேடையை விட்டு இறங்கி டாயில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ எங்கப்பா இருக்க ஆசப்படற?"

"அக்காகிட்ட. அக்கா ரொம்பத் திட்டும். ஆனா பிஸ்கட் சுட்டுத் தரும்."

கூடமே சிரித்தது. நான்தான் கார்டியன் என்று தீர்ப்பாகிவிட்டது. வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பொய்யைக் கொடுத்து வாங்கிய தீர்ப்பு. வாங்கினால் என்ன?

ஏப்ரல் 10, வியாழன்
வெல்டன் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். கையில் என் உறை.

"கேஸ் முடியட்டும்னு பிரிக்காம வெச்சிருந்தேன். நேத்துதான் படிச்சேன். இது யாரு மிஸ் லுவெல்லா? எங்க தாத்தா இப்படிப்பட்ட ஆளே இல்லையே."

மேசையில் கிடந்த கல்யாணச் செய்தியைத் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"உள்ளதச் சொல்ல நீங்கதான் சரின்னு விழாக் கமிட்டில உங்க பேரச் சொன்னதே நான். நீங்க அவர நல்லவராக்கிடுவீங்களோன்னுதான் காட்டச் சொன்னேன். டார்டன் பேரையே காணோம்?" எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "டாயிலுக்காகவா?"

தலையாட்டினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11, வெள்ளி
திருப்பி எழுதினேன். ஐசம் டார்டன் என்று தொடங்கினேன்.

மே 3, சனி
விழாவில் தாத்தாவின் பக்கத்தை வெல்டனே உரக்கப் படித்தார். "செத்தவங்கள விடுங்க ஜட்ஜ்!" என்று ஒருவன் கத்தினான். பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. பன்றிக்கறி விருந்துக்கு மட்டும் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள், வெட்கங்கெட்ட ஜன்மங்கள்.

நவம்பர் 5, புதன்
நேற்றுத் தேர்தல். வெல்டனைத் தோற்கடித்துவிட்டார்கள். ஜெயித்தவன் இன்ஷூரன்ஸ் விற்கிறவன். பழசைக் கிளற மாட்டேன் என்று சொல்லியே ஓட்டு வாங்கினான்.

இந்த ஊரில் ஒருமுறை ஜட்ஜ் ஆனவரைச் சாகும்வரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுதை வியாபாரிக்கும் அந்த மரியாதை கிடைத்தது. நான் மட்டும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்று வெல்டனின் டிராக்டர் கடைக்குப் போனேன். கிரீஸ் படிந்த கையோடு நின்றிருந்தார்.

"வணக்கம் ஜட்ஜ்" என்றேன்.

"இனிமேயும் வெல்டன்னே கூப்பிடுங்க மிஸ் லுவெல்லா."

"முடியாது ஜட்ஜ்."