லண்டன் பகலின் நீளம்

கடலூர் முதுநகர்,
25-11-1968, ரமலான் பிறை 3.

அன்பு மகன் அப்துல் வதூதுக்கு வாப்பா நூர்முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் தம்பி அபுபக்கரும் அல்லாஹ்வின் கிருபையால் சரீர சுகத்தோடு இருக்கிறோம். உன் சுகத்தைப் பற்றி நீ எழுதுவதை இனிமேல் நான் நம்புவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மைல் நடந்தேன், பூப்பந்து ஆடினேன், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தேன் என்று மாதம் தவறாமல் எழுதுகிறாயே, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டச் சொல்வாள் உன் உம்மா, நானும் மடையன் மாதிரி உரக்கப் படிப்பேன்.

சிதம்பரத்தில் உன்னோடு காலேஜில் படித்த தில்லைநாதன் லண்டனிலிருந்து லீவில் வந்திருக்கிறான், போன புதன்கிழமை கொட்டுகிற மழையில் நம் வீட்டுக்கு வந்தான். உன் உம்மா காப்பி கொடுத்துவிட்டு வதூது எப்படியிருக்கான் என்று கேட்டாள். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து அந்தப் பிள்ளை சொல்லிவிட்டான், அவன்மேல் குற்றமில்லை. அபுபக்கர் உனக்குக் கொடுத்த கிட்னி ஆகஸ்ட் மாதத்திலிருந்தே சரியாக வேலை செய்யவில்லை, வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய், கால் வீங்கி பூட்ஸ் நுழையாமல் செருப்போடு ஆபீசுக்குப் போகிறாய். அப்படியும் அவனை வழியனுப்ப வந்து அவன் பெட்டியை நீ தூக்கினாயாம். அதை அவன் பெருமையாகச் சொன்னான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்குக் காட்ட இந்த வீரம்? வைகாசியில் நீ அனுப்பிய போட்டோவில் முகம் உருண்டையாக இருக்கிறதே, லண்டன் பாலும் வெண்ணெயும் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது என்று உன் உம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தாள். அது மாத்திரையால் வந்த ஊதல் என்று தில்லைநாதன் சொன்ன பிறகு அவள் எழுந்து போய் போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

அபுபக்கரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், மறைக்கிற பழக்கம் இந்த வீட்டில் உன்னோடு போகட்டும். பண்ருட்டியில் அவனுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் ஆவணியிலேயே நின்றுபோயிற்று. ஒரு கிட்னி இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். சம்பந்தம் நின்றதற்குக்கூட அவன் கலங்கவில்லை. தில்லைநாதன் வந்து போனதற்கு மறுநாள் கடைக்குக் கிளம்பினவன் வாசலில் நின்று, "எங்கிட்ட இருந்ததுல கெட்டதப் பாத்து குடுத்துட்டனா வாப்பா?" என்று கேட்டான். இருபத்து நாலு வயது ஆண்பிள்ளை கேட்கிற கேள்வியா அது. அவனுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. உன் பந்தாட்டத்தைப் பற்றி வேண்டாம், அவன் கொடுத்ததில் குறையில்லை என்று எழுது.

ஏனென்றால் குறை யாரிடம் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பின் வந்த ரமலானில் உனக்கு முப்பது நோன்பும் விட்டுப்போயிற்று. அதற்கு அடுத்ததிலும் டாக்டர் கூடாது என்றார். இந்த வருஷம் சித்திரையில் நான்தான் உனக்கு எழுதினேன், அல்லாஹ் சுகம் கொடுத்த பிறகு நோன்பைக் கடன் வைக்கக் கூடாது, அடுத்த ரமலானுக்குள் விட்டுப்போன முதல் முப்பதையாவது களாவாகத் திரும்பப் பிடித்து முடித்துவிடு என்று. இங்கே கடலூரில் நாலரை மணிக்கு ஸஹர் சாப்பாடு, ஆறரைக்கு நோன்பு திறப்பு, அதே கணக்கில்தான் எழுதினேன். உங்கள் ஊரில் கோடையில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும், மூன்று மணிக்கெல்லாம் விடிய ஆரம்பித்துவிடும் என்று தில்லைநாதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினெட்டு மணி நேரம் வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஜூனிலும் ஜூலையிலும் முப்பது நாள் பிடித்திருக்கிறாய். வேளை தவறாமல் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்த டாக்டரிடமும் மூச்சு விடவில்லை. 'தாங்கள் சொன்னபடி களா நோன்பு முடிந்தது, மனசுக்குச் சந்தோஷமாக இருக்கிறது' என்று எனக்கு இரண்டே வரி எழுதினாய். நான் ஜமாஅத்தில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். உன் உடம்பு அந்தக் கிட்னியை ஏற்கவில்லை, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்கிறாராம், நோன்பால் என்று அவர் சொல்லவில்லையாம். அவர் சொல்லாவிட்டால் என்ன? 'வாப்பா, இங்கே பகல் நீளம்' என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா? அப்படியா உன்னை நான் பயமுறுத்தி வளர்த்தேன்?

தலைப்பிறை பார்த்த அன்று பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தைத் தனியாகக் கூப்பிட்டு உன் விஷயத்தைச் சொன்னேன். இந்த ரமலானுக்கு அவனால் முடியாது, என்ன செய்வது என்று கேட்டேன். அவர், "கொணமாயிடும்னு நம்பிக்கை இருந்தா பின்னால களா புடிக்கணும். இனிமே ஆவாதுன்னாதான் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு அரிசி அளந்து ஃபித்யா குடுக்கணும். எதுன்னு நீங்கதான் சொல்லணும், பாய்" என்றார். பெற்றவன் வாயால் சொல்ல வேண்டிய வார்த்தையா அது, வதூது. தொழுகைக்கு வந்தவர்களெல்லாம் எழுந்து போகும் வரைக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, ஃபித்யாவே கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் உம்மா அரிசிப் பானை மேல் கை வைத்துக்கொண்டு, "எம் புள்ள தேறமாட்டான்னு நீங்களே போயி ஒத்துக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். இந்த மூன்று நாளாக எனக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. உன் பங்கு அரிசியை அவள் தொடமாட்டாளாம். நானேதான் அளந்து துணியில் முடிந்து, கொல்லன் தெருவில் கண் தெரியாத சர்புன்னிசா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். யாருக்காக என்று அந்தம்மா கேட்டது. மகனுக்காக என்று மட்டும் சொன்னேன்.

நடக்கப் பிடித்தால் நட, பந்து ஆடு, ரசம் வை, சிரி. அதை நான் தடுக்கவில்லை, ஒருவேளை அதில்தான் உனக்குத் தெம்பு இருக்கிறதோ என்னவோ. அடுத்தவன் பெட்டியைத் தூக்காதே. உப்பும் தண்ணீரும் டாக்டர் சொல்கிற அளவுதான். உன் உம்மா உனக்கென்று வறுத்து வைத்த முந்திரிப் பருப்பு உனக்கு ஆகாது என்று தில்லைநாதன் எடுத்துப் போக மறுத்துவிட்டான், அதற்கும் அவளுக்கு ஓர் அழுகை. எனக்கு நல்ல செய்தி வேண்டாம், உள்ள செய்தியை எழுது.

ஒரு நோன்பும் பிடிக்காதே. அன்றைக்கு உத்தரவு போட்டவன்தான் இதையும் போடுகிறேன். அல்லாஹ் உனக்கு ஆயுளைத் தரட்டும், அந்நிய ஊரில் உன் தலைமாட்டில் நல்லவர்களை வைக்கட்டும். என்றைக்காவது நீ தேறி எழுந்து இந்த நோன்புகளை நீயே பிடித்தாயானால், நான் அளந்த அரிசியெல்லாம் வெறும் தர்மமாகப் போகட்டும், உன் உம்மா முன்னால் நான் தோற்றுப்போகிறேன்.

துஆவுடன்,
உன் வாப்பா
நூர்முகம்மது