பதினொரு நாங்கள், ஒரு நாம்

மலையேறப்போகும் நண்பனுக்கு, சமதரையிலிருந்து வணக்கம்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சென்ற புதன்கிழமை மாலை ஐந்தரை மணி முதல் என் சைக்கிளில் மணி இருக்கலாகாது என்று முடிவு செய்து, கழற்றிவிட்டேன். ஏற்றத்தில் ஒவ்வொரு கிராமும் எதிரி என்று நீதான் எழுதியிருந்தாய். மணி எழுபது கிராம். அதற்குப் பதிலாகத் தொப்பையைக் கழற்றியிருக்கலாம் என்பது என் மனைவியின் கட்சி.

இங்கே மேடு என்று இருப்பது ஒரே ஒரு மேம்பாலம். தினமும் அதில் பதினான்கு முறை ஏறி இறங்குகிறேன். மூன்றாம் நாள் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, “சார், எதையாவது தொலைச்சுட்டீங்களா?” என்று பரிவோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

நீங்கள் இருவரும் சைக்கிளோடு நிற்கும் படம் கிடைத்தது. பல் டாக்டர் நன்றாக இருக்கிறார். மாற்றலாகிப் போன எட்டே மாதத்தில் உனக்கு இப்படி ஒரு சைக்கிள் துணை அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லாமல் இருக்குமா? அவர் வாயில் கவிழ்த்துக்கொண்டிருக்கும் தண்ணீர் பாட்டில், உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. வழியில் உன் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் உட்கார்ந்து நீவிவிடுவது யார்? பல் படித்தவருக்கு அதுவும் தெரியுமா?

உன் கடிதத்தில் ‘நாங்கள்’ பதினொரு இடத்தில் வருகிறது. நாங்கள் ஐந்து மணிக்கு எழுகிறோம், நாங்கள் அறுபது கிலோமீட்டர் மிதித்தோம், நாங்கள் கூடாரம் வாங்கினோம். பன்னிரண்டு வருடமாக இந்த மலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நீ ‘நாம்’ என்றுதான் சொன்னாய். ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான் என்று பேசப் பழகும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் உன் கடைசி வரியில், ‘இருபத்தைந்தாம் தேதி நாம் கிளம்புகிறோம்’ என்று இருக்கிறது. கைப்பிழையா? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய். எழுதிப் போடு. பிழை என்றால் மணியைத் திரும்ப மாட்டிவிடுவேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

உன் கெண்டைக்கால்கள் நலமாக இருக்கட்டும்.

உன் பழைய துணை

*

நண்பனுக்கு,

கையெழுத்து என் மனைவியுடையது. சொல்வது நான். நடுவில் அவள் சேர்ப்பதற்கு நான் பொறுப்பல்ல. (எதுக்குத்தான் இவர் பொறுப்பு, அண்ணா?)

நேற்றுத் தெருமுனையில் வேகமாகத் திரும்பியபோது எதிரே தபால்காரர் வந்துவிட்டார். அவருக்கு அடியில்லை. மணி அடித்திருந்தால் ஒதுங்கியிருப்பேனே என்று வருத்தப்பட்டுவிட்டு, தரையில் கிடந்த என்னிடம் உன் பதிலை நீட்டினார். இடது கையால் அங்கேயே பிரித்தேன். நாம் என்றால் நீயும்தான்டா மடையா, கூடாரம் மூன்று பேருக்கு, பல் டாக்டர் உனக்கென்று தனி பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். நான்கு முறை படித்தேன். (தூக்க வந்தவங்களுக்கும் படிச்சுக் காட்டினாராம்.)

பல் டாக்டர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். கெண்டைக்காலை மேலிருந்து கீழாக நீவ வேண்டும், அவரிடம் சொல்லி வை. இறக்கத்தில் பிரேக்கை விடாதே. இருவரும் பத்திரமாகப் போய்த் திரும்புங்கள். கூடாரத்தில் மூன்றாவது இடத்தில் பைகளை வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அடுத்த மாதம் பத்தாம் தேதி பிரிக்கிறார்கள்.