எஞ்சினுக்குப் பின்னால்

மார்ச் 3

இன்றைக்குப் பையை இறக்கினேன். பீரோ மேலே இரண்டு பையும் ஒன்றோடு ஒன்று சாய்ந்து கிடந்தன. என்னுடையதை மட்டும் எடுத்தேன். எடுத்ததும் அவருடையது சரிந்து படுத்துக்கொண்டது. நிமிர்த்தி வைத்தேன். மறுபடி சரிந்தது. சரி, கிட என்று விட்டுவிட்டேன்.

நாத்தனார் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்த வருஷமும் மலைக்குப் போகணுமா அண்ணி?"

"போகாம?"

"அண்ணன் இல்லாம எப்படி?"

அவளுக்கும்தான் அண்ணன் போனார். அவளும் அழுதவள்தான். ஆனால் லாண்டரியில் துணி மடிக்கும்போது அவளால் பாட்டு முணுமுணுக்க முடிகிறது. எனக்குத் துணி மடித்தால் யோசனை வந்துவிடுகிறது. கோடையில் நாலு மாதம்தான் மலையில் கைடு வேலை. மீதி மாதமெல்லாம் லாண்டரி. இந்த நாலு மாதமாவது நடக்க வேண்டும். நடந்தால் யோசனை வராது.

வராதா?

மார்ச் 6

ட்ரெக்கிங் ஆபீஸுக்குப் போனேன். "முன்ஆள் நீங்கதான்க்கா, அதுல மாத்தமில்ல. பின்ஆளுக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கேன்," என்றார் மேனேஜர். வாடகைக்கு வீடு பிடித்த மாதிரி சொல்கிறார்.

பையும் டென்டும் முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று நாள் நடக்க வருகிற குரூப்புக்கு முன்னால் ஒரு கைடு, கடைசியில் ஒரு கைடு. முன்ஆள் வழி பார்க்க வேண்டும். பின்ஆள் தனக்குப் பின்னால் யாரையும் விடக்கூடாது. பதினோரு சீசன் நான் முன்னால், அவர் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் நான் ஒரு விசில் கொடுப்பேன். எல்லாரும் வருகிறார்கள் என்று பின்னாலிருந்து அவர் ஒன்று கொடுப்பார். கடைசியில் கொஞ்சம் இழுப்பார், நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. அது கேட்டால் போதும். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

புது ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். பஸ் கண்டக்டராக இருந்தவராம். "பின்னால நிக்கிறது நமக்குப் புதுசில்லக்கா. பின்படியிலதான் பாதி ஆயுசு போச்சு," என்றார். மேனேஜர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல மனிதர்தான்.

மார்ச் 10

முதல் குரூப், முதல் நாள். சமையல் முடிந்தது, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

கண்டக்டர் வளைவு தவறாமல் விசில் கொடுக்கிறார். குறை சொல்ல முடியாது. ஆனாலும் இரட்டைப் பாறை தாண்டியதும் என் கால் தானாக நின்றது. திரும்பிப் பார்த்தேன். எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள். அடுத்த வளைவிலும் நின்றேன். ஓடையில் கடைசி ஆள் வரைக்கும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"என்னக்கா, டிக்கெட் செக்கிங்கா?" என்றார் கண்டக்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

எந்த இடத்துக்கும் ஒரு ஸ்டாப் வைத்துவிடுகிறார். இரட்டைப் பாறை ஸ்டாப், ஓடை ஸ்டாப், வழுக்கல் ஸ்டாப். ஒரு தடவை நடந்ததிலேயே மனப்பாடம்.

மார்ச் 11

பை கனக்கிறது. எப்போதும் இரண்டாம் நாள் லேசாகிவிடும், தின்றது போக. இந்த வருஷம் ஆகவில்லை. வயசாகிவிட்டது போல.

மார்ச் 15

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு நாளும் இருட்டிய பிறகுதான் டென்ட் போடும் இடத்துக்குச் சேர்ந்தோம் என்று குரூப்பில் புகார். "கைடு அம்மா பத்தடிக்கு ஒரு தடவை நின்னு எண்ணுறாங்க, நாங்க என்ன கோழிக்குஞ்சா?" என்று ஒருத்தர் கேட்டாராம்.

"நின்னு நின்னு நடந்தா உடம்பு குளிர்ந்துடும்னு எனக்கே சொல்லிக் கொடுத்தது நீங்கதானேக்கா?"

ஆமாம், நான்தான்.

"இன்னொரு புகார் வந்தா ஸ்டோருக்குத்தான் மாத்தணும். டென்ட் தைக்கலாம், அடுப்பு துடைக்கலாம். உக்காந்த இடத்துல வேலை."

உக்காந்த இடத்துல! நாலு சுவர், ஒரு மேஜை, மேஜை மேல் மடிக்கிறதுக்கு ஏதாவது. லாண்டரிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? மலையும் போச்சுன்னா அப்புறம் எனக்கு என்னதான் இருக்கு?

மார்ச் 16

சாப்பிடும்போது நாத்தனாரிடம் புகாரைச் சொன்னேன். கேட்டாள், "அப்படி என்னத்தத் தேடுறீங்க, திரும்பித் திரும்பி?"

"ஆளுங்க எல்லாம் இருக்காங்களான்னு."

"என்கிட்டயே பொய் சொல்லாதீங்க அண்ணி."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மலையில் ஒரு கீறல் படாத மனிதர். வாஷ்பேசின் முன்னால், பல் தேய்க்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நான் அதே ரூமில்தான் இருந்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்வையை உதறிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அன்னைக்கும் எனக்குப் பின்னாலதான் இருந்தார்.

மார்ச் 21

இரண்டாவது குரூப். தையல்காரம்மா வந்திருக்கிறார். துணி தைத்துப் பிழைப்பவர், முழங்கால் வலிக்காரர், ஆனாலும் வருஷம் தவறாமல் வருவார். எப்போதும் அவர்தான் எல்லாருக்கும் கடைசி.

வேனை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா உங்க வீட்டுக்காரர்? பின்னால வர்றாரா?"

கண்டக்டர்தான் அவர் பையை வாங்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அவர் தவறிட்டாரும்மா. மழைக்காலத்துல."

தையல்காரம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ரப்பர் முனை வெச்ச குச்சி கொண்டு வர்றேன்னாரே எனக்கு," என்றார். அதையே திரும்பவும் சொன்னார்.

அந்தக் குச்சி வீட்டில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. யாருக்கு என்று தெரியாமல் அதில் துணியைக் கட்டி நான் ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22

சாயந்திரம் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா பக்கத்தில் வந்து காலை நீட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு அவர் வெச்ச பேர் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"எஞ்சின். 'எஞ்சின் போய்க்கிட்டே இருக்கும்மா, நாம கடைசியில கார்டு பெட்டி, ஆடி அசைஞ்சு போவோம்'பார். நான் உக்காந்தா அவரும் உக்காருவார். மணி பார்க்க மாட்டார். எனக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுஷனுக்கு லேஸ் அவிழும்!"

சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தூரத்துல உங்க முதுகு தெரிஞ்சா எனக்குக் காட்டுவார். 'அதோ பாருங்க, இடது தோள் சாயுது. கனம் தாங்கலை. கேட்டா சண்டைக்கு வருவா. அவ தூங்கினதும் கேஸ் டப்பாவை என் பைக்கு மாத்திடுவேன்'னு சொல்வார்."

சூப் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

தின்றது போக லேசாகிறது என்றல்லவா நினைத்தேன்! பதினோரு சீசனும் அப்படியே நினைத்தேன்.

இன்னொன்று. மலையில் அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் உறைக்கிறது. ரோட்டில், கடைத்தெருவில், வீட்டுக்குள் நடந்தது தெரியும். மேட்டில் எப்படி ஏறுவார்? குனிந்தா, கையை முட்டியில் ஊன்றியா? வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற தையல்காரம்மாவுக்கு அது தெரியும். கட்டின எனக்குத் தெரியாது.

மார்ச் 23

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மேட்டு வழியில் மூடுபனி. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஓர் அண்ணனும் தம்பியும், யார் முந்துவது என்று போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். தட்டைப் பாறையில் எல்லாரையும் நிற்கச் சொன்னேன். "கடைசி ஆளைப் பார்த்துட்டு வந்துடறேன்," என்றேன்.

பொய். கண்டக்டர் விசில் அப்போதுதான் வந்திருந்தது. கதை கேட்கத்தான் போனேன். இன்னும் ஏதாவது சொன்னாரான்னு கேக்கப் போனேன். தையல்காரம்மா பக்கத்துல நடந்துக்கிட்டே, என்ன பாடுவாரு, எங்க உக்காருவாரு, என்னைத் திட்டுவாரா — எல்லாம் கேட்டேன். முன்னால ஆளுங்களை நிறுத்திட்டு வந்தது மறந்தே போச்சு எனக்கு.

தட்டைப் பாறைக்கு வந்தபோது அண்ணன் தம்பியைக் காணோம்.

பாறைக்கு வலது பக்கம்தான் நம் வழி. இடது பக்கம் ஆடு போகிற தடம், சரிவு விளிம்போடு நின்றுவிடும். கத்தினேன். விசில் ஊத மூச்சு பத்தவில்லை. கண்டக்டர் மற்றவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தார். விசிலை வாயில் வைத்தவர் எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது பக்கம் இறங்கினேன்.

விளிம்பில் தம்பி குப்புறக் கிடந்தான், அண்ணன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அண்ணனுக்கு இரண்டு காலும் சரளையில். அவர் அசையும்போதெல்லாம் கல் உருண்டது. எங்கேயும் விழுந்த சத்தமே இல்லை, உருள்கிற சத்தம் மட்டும் கீழே போய்க்கொண்டே இருந்தது. கயிறு போட்டு இழுத்தோம். அண்ணனுக்கு மணிக்கட்டு பிசகியிருக்கிறது. வேறு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

அந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. "ரொம்ப நேரம் ஆச்சா... பனியில எங்களைத் தாண்டி முன்னால போயிட்டீங்கன்னு நினைச்சோம். உங்க பின்னாலதான் வர்றோம்னு நினைச்சோம்," என்றார்.

திட்டியிருக்கலாம்.

மார்ச் 24

மேனேஜரிடம் நானே சொன்னேன். பனி என்று மட்டும் சொல்லச் சொன்னார் கண்டக்டர். முடியவில்லை. முழுசும் சொன்னேன்.

மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்தார். பிறகு, "ஸ்டோர் சாவி தரட்டுமாக்கா?" என்றார்.

"முன்னால என்னை விடாதீங்க. பின்னால விடுங்க."

"இத்தனை வருஷம் முன்ஆளா இருந்துட்டு பின்னாலயா? இறக்கிட்டாங்கன்னு பேசுவாங்க."

"பேசட்டும். முன்னால நின்னா திரும்பாம இருக்க முடியலை. பின்னால நின்னா எல்லாரும் என் கண்ணு முன்னாலதான் இருப்பாங்க. எனக்குப் பின்னால தேட ஒண்ணும் இருக்காது."

"அப்ப முன்னால யாரு?"

கதவோரம் நின்ற கண்டக்டர் திடுக்கிட்டார். "ஐயோ, என்னைப் பார்க்காதீங்க. நான் முன்படியில ஏறினதே கிடையாது."

"ஸ்டாப்பெல்லாம் சொல்லுங்க," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒன்று விடவில்லை. தட்டைப் பாறை வந்ததும் குரல் இறங்கியது. "இங்க வலது பக்கம் மட்டும்," என்றார்.

மேனேஜர் யோசிக்கிறேன் என்றார்.

மார்ச் 25

போன் வரவில்லை. நாத்தனாரோடு போய்த் துணி மடித்தேன்.

மார்ச் 28

மேனேஜரிடமிருந்து போன் வந்தது. கண்டக்டரும் நானும் குரூப் இல்லாமல் வழி முழுக்க நடந்து பார்க்க வேண்டும், தட்டைப் பாறையின் இடது பக்கத்தைக் கயிறு கட்டி மறிக்க வேண்டும், பிறகு ஒரே ஒரு குரூப் கொடுத்துப் பார்ப்பாராம். அது சரியாக வராவிட்டால் ஸ்டோர். சரி என்றேன்.

"இறக்கிட்டாங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நானேதான் இறங்கிக்கிட்டேன். உங்கண்ணன் பார்த்த வேலை."

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குச்சியை எடுத்துத் துடைத்தாள். இரண்டு பேருமாகத் துணியில் சுற்றிக் கட்டினோம். தையல்காரம்மாவுக்கு அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 9

கடைசி ஆளாக முதல் நாள்.

குரூப்பில் கனத்த உடம்புக்காரர் ஒருவர். முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கியது. "நீங்க போங்கம்மா, நான் மெதுவா வந்துடறேன்," என்றார். அவருக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கம்.

"நான் போனா நீங்க கடைசி ஆயிடுவீங்க. கடைசி நான்தான். எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்."

சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. என் ஷூவைப் பார்த்தேன். லேஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. அவிழ்த்துக் கட்டினேன்.

ஒன்றும் லேசாகிவிடவில்லை. ஓடை தாண்டும்போது இந்தக் கல்லில் கால் வைத்திருப்பாரா, அந்தக் கல்லிலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டேன். கனத்த உடம்புக்காரர்தான் எனக்காக நின்றார்.

கடைசி மேட்டில் எல்லார் முதுகும் வரிசையாகத் தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால், சின்னதாக, கண்டக்டர். வலது தோள் ஒரேயடியாகச் சாய்கிறது. முன்ஆள் என்ற பெருமையில் அளவுக்கு மேல் தூக்கியிருக்கிறார். வந்து சேர்ந்ததும் கேட்டேன். "கனமா? எனக்கா? பஸ் நிறைய ஜனத்தையே தாங்கினவன்க்கா நான்," என்றார்.

பைகளெல்லாம் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன, கேஸ் டப்பா கண்டக்டர் பையில். கண்டக்டர் டென்டில் டார்ச் இன்னும் எரிகிறது. அணையட்டும்.