வேல் போல நிறுத்திய புரொப்பல்லர்

புரட்டாசி, செவ்வாய் இரவு.

நான் கட்டும் சின்ன விமானம் ஓட்டினாலே உதறுகிறது என்று இஞ்சினை இரண்டு முறை பிரித்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இஞ்சின் அது, இப்படி உதறவே கூடாது. கொட்டகை அக்கா வீட்டுக்காரர் பாவாவுடையது. "வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வரான். இஞ்சினைப் போட்டுட்டு எடத்தை காலி பண்ணு மச்சான்" என்று பாவா நேற்று சொல்லிவிட்டார். காலேஜ் படித்தவன் கட்டியிருந்தால் சொல்வாரா?

காலையில் மறுபடி ஓட்டி, சட்டத்தில் கை வைத்துப் பார்த்தேன். உதறல் இஞ்சினின் வேகத்தில் இல்லை. வேகம் குறைக்கும் பல்சக்கரத்தைத் தாண்டி மெதுவாகச் சுற்றும் புரொப்பல்லரின் வேகத்தில் இருந்தது. அந்த மரப் புரொப்பல்லரைக் கழற்றி, நடுத்துளையில் கம்பி செருகி, இரண்டு பலகைகளின் மேல் உருளவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே றெக்கைதான் கீழே போனது.

ஆடிக் கிருத்திகைக்கு அதை வேல் மாதிரி நிமிர்த்தி, பூ சுற்றிக் கும்பிட்டவர் பாவா. போன வாரம் வரை எடுக்கவும் விடவில்லை. மழையில் கொட்டகையின் ஈரமெல்லாம் கீழ் றெக்கையில் இறங்கி, அது மட்டும் கனத்திருக்கிறது.

பாவாவிடம் சொன்னேன்.

"அப்போ சாமி குத்தம்ன்றியா?"

"நிக்க வெச்ச குத்தம் பாவா. மரம் படுத்துகினு இருக்கணும்."

பாவா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரும்புக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், அக்கா சொன்னாள். சாயங்காலம் பார்த்தால், படுக்க வைத்த புரொப்பல்லரில் சந்தனப் பொட்டு. இரண்டு றெக்கையிலும், ஒரே அளவில்.

ஈரம் காயட்டும். சந்தனத்துக்கும் எடை உண்டு, பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி உருட்டிப் பார்ப்பேன்.