வெந்நீரில் கிடந்த துண்டு

4 ஜூன் 1934, திங்கள்
எனக்கு இன்று அறுபத்து மூன்று ஆண்டு, எட்டு மாதம், பதினொரு நாள். இடது கண்ணில் படலம். வலது கை நடுங்குகிறது. இது புலம்பல் அல்ல, கருவிகளின் நிலவரம்.

ஜெர்மன் சஞ்சிகை வந்துவிட்டது. அகராதியோடு படித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போயிற்று. அங்குள்ள நீர்ப்பல்லியின் கரு வெறும் உருண்டையாக இருக்கும்போது அதில் ஒரு குழி விழும். குழியின் மேலுதட்டை வெட்டி வேறொரு கருவின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்தால், தோலாகப் போகவேண்டிய செல்கள் நரம்பாகிவிடும். இது பத்தாண்டுப் பழைய செய்தி. புதிய செய்தி: உதட்டைச் சூட்டில் கொன்று வைத்தாலும் அப்படியே ஆகிறதாம். செத்த துண்டு! நம் தவளையில் ஆகுமா?

5 ஜூன்
மழை பிடித்துவிட்டது. சாலைக் கடைகளுக்குப் பின்னால் தவளைகள் கத்துகின்றன. என் கையால் இனி வெட்ட முடியாது. முடிந்தவள் ஒருத்திதான்: என் ஆய்வுக்கூடத்தில் உதவிக்கு இருந்த ரத்னாபாய். மிஷனில் லேஸ் பின்னிப் பழகிய விரல்கள். 1927இல், உதடு மாற்றிவைக்கும் இதே சோதனையில், கண்ணாடி கழுவ வைத்த வெந்நீரில் உதட்டுத் துண்டைத் தவறிப் போட்டு, சொல்லாமல் கருவில் வைத்தாள். அன்று மாலை அது தெரிந்ததும் அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன். இப்போது எந்த முகத்தோடு போவது? இருக்கிற முகத்தோடுதான்.

6 ஜூன்
போனேன். அவள் பின்னலிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"இப்பம் எதுக்கு வந்திய டீச்சரம்மா?"
"ஒரு துண்டை வெந்நீரில் போடவேண்டும்."
"அதுக்குத்தானே என்னை வெரட்டினிய?"
"அதற்கேதான்."
சிரித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை.

9 ஜூன்
விடியலில் கிடைத்த முட்டைகளில் பிற்பகலுக்குள் குழி விழுந்துவிட்டது. கருவிகள்: கண்ணாடி ஊசி, அவள் பேரனின் தலைமுடியில் கட்டிய கண்ணி. உதடுகளை வெந்நீரில் கொன்று, ரத்னா வைத்தாள். மூன்று கருக்கள் பிழைத்தன. லென்ஸைப் பிடிப்பதும் வாயை மூடியிருப்பதும் என் வேலை. இரண்டாவதுதான் கடினம்.

10 ஜூன், ஞாயிறு
சபைக்குப் போகவில்லை. நண்பகலில் ஒரு கருவின் வயிற்றில் இரண்டு வரம்புகள், நடுவே பள்ளம். நரம்புத் தகடு — தோல் வரவேண்டிய இடத்தில், செத்த துண்டுக்கு மேலே. "ரத்னா, இங்க வா, பாரு, பாரு" என்று கத்தியது நான்தானா?

அவள் வெகுநேரம் பார்த்தாள். "அப்பம், அன்னைக்கு நான் வச்சதும் வளந்திருக்குமோ? பாக்கதுக்கு முன்ன கொட்டிட்டிய, இல்லியா?"
"கொட்டிவிட்டேன்" என்றேன்.

11 ஜூன்
பள்ளம் மூடி நரம்புக் குழாயாகிவிட்டது. படம் வரைந்து, கீழே அவள் பெயரை முதலில் எழுதினேன். பிறகு பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். செத்தது எதையும் ஆக்காது என்று வகுப்பில் முப்பது வருஷம் சொன்ன நான், யாருக்கும் காட்டாமல் பூட்டிவைத்த படம். ஒரு கரு, முதுகில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய். தேதி 19 ஜூன் 1927, அவளை அனுப்பி இரண்டு நாள் கழித்து.

கொட்டவில்லை, ரத்னா. வளர்ந்தது.